காற்று பிரிந்ததா, சார்?

வயிற்று ஆபரேஷன் வார்டில் நர்ஸாக வேலை பார்ப்பவள் கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தாம்பரத்தில் பதினோரு வருஷமாக, பெரிய பெரிய மனிதர்களிடம் நான் காலையில் கேட்கிற முதல் கேள்வி "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். வயிற்றில் தையலோடு படுத்திருந்தவர்களுக்கும், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பயந்தவர்களுக்கும் இந்த அவஸ்தை புரியும். காற்று பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம்; அதுவரை சோறு கிடையாது.

நிரம்பும் பை

முருகேசன் மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டுபவர். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் ஆகி, மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் போட்டிருந்தோம். கட்டிலோரம் தொங்கிய பையில் பச்சையாக நீர் வடிந்துகொண்டே இருந்தது. மூன்று நாளாக வாயில் ஒன்றுமே படவில்லை, பிறகு இது எங்கிருந்து வருகிறது என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

எச்சில், இரைப்பை அமிலம், பித்தம், கணைய நீர் என்று தினமும் லிட்டர் கணக்கில் ஊறும், சாப்பிடாவிட்டாலும் அடியோடு நிற்காது என்றேன். குடல் ஓடினால் அதில் பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இப்போது தூங்குவதால் தேங்கியது வெளியே வருகிறது என்றும் சொன்னேன். முருகேசன் பையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"லோடே அடிக்காம டேங்க் ரொம்புது. நான் இன்னாடான்னா சித்தாலப்பாக்கம் வரிக்கும் போயி தண்ணிக்கு க்யூல நின்னுகினு கீறேன், சிஸ்டர்."

மருந்துச் சீட்டில் சூயிங் கம்

பக்கத்துக் கட்டிலில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்து மூன்று நாள் ஆகியும் வயிறு உப்பியபடியே இருந்தது. நான் கேள்வி கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சாயங்காலத்துக்குள் குடல் அசையாவிட்டால் இவருக்கும் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹெட்மாஸ்டர் முருகேசனின் குழாயை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் கூடவே சூயிங் கம்மும் எழுதியிருந்தார். வாய் மென்றால் போதும், சாப்பாடு வருகிறது என்று வயிறு நம்பிவிடும். எச்சில் ஊறி, உள்ளே ஒவ்வொரு நீராகச் சுரந்து, குடலும் அசையத் தொடங்கும். இது பலித்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹெட்மாஸ்டர் அதை டிரேயிலேயே திருப்பி வைத்தார்.

"இதை மென்னதுக்காக முப்பது வருஷம் பசங்களை பெஞ்ச் மேல ஏத்தினவன்மா நான்."

மூன்று நாற்பது

நான் விடுவேனா? கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, இனி எந்தப் பையனும் பார்க்க மாட்டான், மெல்லுங்கள் சார் என்றேன். உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி சிரத்தையாக மென்றார். அவர் மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தைரியமாகத்தான் பேசினேன். ஆனால் மணி மூன்றரை ஆகி, குழாய் வைத்த டிரே வந்து நின்றபோது நானும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் அந்த அம்மா திரைக்கு வெளியே ஒரு காகிதத்தை நீட்டினார். வாயால் சொல்ல மனம் வராமல், மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார் ஹெட்மாஸ்டர்: "பிற்பகல் 3.40. பிரிந்தது. இரண்டு முறை." சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டிரேயைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த கட்டிலிலிருந்து முருகேசனின் குரல் வந்தது.

"அத்த எழுதி வேற குடுக்கணுமா வாத்யாரே? இங்க வரிக்கும் கேட்டுச்சு."

ஊரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்கிற சமாச்சாரத்துக்குக் கைதட்டுகிற ஒரே இடம் எங்கள் வார்டுதான்.