அவள் பெயரில் ஏறிய பிழைகள்

நாம் எழுதும் நிரலில் பிழை கண்டுபிடித்து, வரிகளையும் ஒழுங்காக அடுக்கித் தரும் கருவிகள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விடுவேன். அப்படி ஒன்றைத் தொண்ணூறுகளின் கடைசியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடியில் உட்கார்ந்து நான் எழுதினேன். நன்றாக வேலை செய்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

நாங்கள் நான்கு பேர். கம்பெனிகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்போம். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி மாளாது. டைப்பிங் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எதிரே ரயில்வே நிலத்தில் புது ஸ்டேஷனுக்குப் பைலிங் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் எங்கள் மானிட்டர்கள் லேசாக ஆடும்.

அடுத்த மேசை அவளுடையது. கிள்ளானிலிருந்து தினமும் கொமியூட்டர் ரயிலில் வருவாள். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றை என் கீபோர்டின் மேலேயே வைப்பாள். எத்தனை தடவை திட்டினாலும் அங்கேதான் வைப்பாள். நிரல் அடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் ரூலரைத் திரையில் வைத்து, வரிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பாள்.

"என்னா, டெய்லர் கடையா வச்சிருக்கே?" என்று கிண்டல் செய்வேன்.

"கோணலா இருந்தா எனக்குத் தலை வலிக்குதுலா" என்பாள்.

ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கங்கள் எல்லாம் ஒரே கணினியில் பொதுவாக இருக்கும். யார் கடைசியாக ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தாலும், முதல் வரியில் இருக்கும் பெயரெழுத்தை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போட வேண்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கங்களை இணையத்தில் ஏற்றுவோம். அதற்கு முன் அவள் எல்லோருடைய பக்கங்களையும் ஒரு தடவை திறந்து பார்ப்பாள். யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. நிரலில் திறந்த ஒரு குறியை மூட மறந்தால் அந்தக் காலத்தில் ஒரு பிரவுசரில் பக்கம் ஒழுங்காகத் தெரியும், இன்னொன்றில் வெறும் வெள்ளையாக வந்து மானத்தை வாங்கும். அந்த மாதிரி ஆபத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, வழக்கப்படி தன் பெயரெழுத்தைப் போட்டுச் சேமிப்பாள். சின்னச் சின்னப் பிழைகளைத் தொடமாட்டாள். "அடுத்தவங்க வேலைய ஒரேடியா மாத்துனா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா" என்பாள். நான் அவசரக்காரி. என் பக்கங்களில்தான் அவளுக்கு அதிக வேலை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு வாரம் அவள் காய்ச்சலில் விடுமுறை எடுத்தாள். அந்த வாரம் ஏற்றிய பக்கம் ஒன்று, ஒரு சோபாக் கடைக்காரர் கண்ணெதிரே வெள்ளையாக வந்தது. முதலாளி வெலவெலத்துப் போனார். "இனிமே மெஷினே செக் பண்ணட்டும். நீயே எழுதும்மா" என்று என்னிடம் சொன்னார்.

இரண்டு வாரத்தில் எழுதினேன். பிழைகளை எண்ணும், வரிகளை அடுக்கும், திங்கட்கிழமை காலையில் ஒரு தாள் அச்சடித்துத் தரும். எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை என்ற விவரமெல்லாம் தாளில் வராது. படிக்க முதலாளிக்குப் பொறுமை இல்லை. ஆளும் எண்ணிக்கையும் மட்டும்தான். ஆள் யார் என்பதை என் நிரல் முதல் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதை எழுதியபோது எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை.

முதல் திங்கட்கிழமை அவள் பெயர் எல்லோருக்கும் மேலே இருந்தது. என் பெயர் கடைசியில், ஏறக்குறைய சுத்தமாக. அவள் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்ளோவா?" என்றாள். பிறகு சிரித்தாள். முதலாளி அதைத் தண்ணீர் ஃபில்டருக்கு மேலே ஒட்டினார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு ரயில் முன்னாடியே வர ஆரம்பித்தாள். தன் பக்கங்களை இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கங்களையும் முன்னைவிடக் கவனமாகத் திறந்து பார்த்தாள். அதனாலேயே திங்கட்கிழமை அவள் எண்ணிக்கை இன்னும் ஏறியது. பேச்சு குறைந்தது. சில நாள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பாள்.

எனக்கு எப்போது தெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு மத்தியானம் நானே செய்த ஒரு பக்கத்தைச் சோதித்தேன். ஏகப்பட்ட பிழை காட்டியது. அத்தனையும் அவள் பெயரில். திறந்து பார்த்தால் முதல் வரியில் அவள் பெயரெழுத்து. ஒரே ஒரு குறியை மூடிக் கொடுத்ததற்காக, அவள் தொடாமல் விட்ட என் பிழையெல்லாம் அவள் கணக்கில் ஏறியிருந்தது. பக்கங்களை முதலில் செய்தது யார் என்று வேலைப் பதிவு நோட்டில் இருந்தது. அதன்படி நிரலை மாற்றி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அவள் கடைசிக்குப் போனாள். நான் முதலில் வந்தேன். அந்த மாற்றத்தை உடனே அழித்தேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த ரிங்கிட்டின் மதிப்பு அடுத்த வாரத்துக்குள் இன்னும் விழுந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு கம்பெனி கான்சல் பண்ணிட்டான். ஒரு ஆள நிப்பாட்டணும். இதுவரைக்கும் வந்த லிஸ்ட் எல்லாத்தையும் கொண்டாம்மா" என்றார்.

அப்பா அப்போதுதான் ரயில்வேயில் ரிட்டயர் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் சம்பளத்தை நம்பித்தான் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். இதைச் சொல்லி நான் செய்ததைச் சரியாக்க முடியாது என்று எனக்கும் தெரியும். தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைசி நாள் அவள் அழவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றாள்.

"உன் புரோகிராம ஒரு டிஸ்க்ல போட்டுத் தரியா? வீட்ல அண்ணன் கம்ப்யூட்டர் இருக்கு. நான் எங்க தப்பு பண்றேன்னு உட்காந்து பாக்கணும். பழகிட்டு வேற எடத்துல வேலை தேடுறேன்."

போட்டுக் கொடுத்தேன். கையில் வைத்து அழுத்தி "தேங்க்ஸ்லா" என்றாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். படிக்கட்டு வரைக்கும் கூடவே போனேன்.

ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, தீபாவளிக்கு முன் கிள்ளானில் துணி எடுக்கப் போனபோது அவளைப் பார்த்தேன். கூட்டத்தில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்தாள். இளைத்திருந்தாள். ஒரு லோரி கம்பெனியில் போன் எடுக்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"பேஜ் செய்யிற வேலைக்கு அப்புறம் போகலியா?" என்று கேட்டேன்.

"எனக்கு அது சரிப்படாதுலா. அவ்ளோ தப்பு பண்றவ, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இண்டர்வியூ போறது? பழகலாம்னு பாத்தேன், அதுவும் முடியல. நீ குடுத்த டிஸ்க் வேலை செய்யல."

"ஏன், ஓடலியா?"

"ஓடுச்சு. ஆனா நான் எத்தன பேஜ் செஞ்சு போட்டாலும் தப்பே இல்லன்னு காட்டுது. ஒண்ணுகூட இல்லயாம். டிஸ்க் கெட்டுப் போச்சு போல."

சுற்றிலும் ஒரே இரைச்சல். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான், என்ன கோளாறு என்று எனக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கையோடு.

"ஆமா, பழைய டிஸ்க்குதான்" என்றேன். "கெட்டுப் போயிருக்கும்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்றாள்.