பேனா எழுதாமல் விட்டது

லிப்ட் மெக்கானிக் ஒருவனுக்குப் ‘பேனா’ என்று பட்டப்பெயர் வந்தது என்றால் அதற்கு அவனேதான் காரணம். சாப்பாட்டு இடைவேளையில் மற்ற மெக்கானிக்குகள் காலை நீட்டிப் படுத்திருக்க, இவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து செல்போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருப்பான். ஒரு வலைப்பூ வைத்திருந்தான். பல வருஷமாக எழுதினான். படிக்க ஆள் இருந்தது. இருந்ததுதான் வினை.

ஆரம்பத்தில் தொழிலைப் பற்றித்தான் எழுதினான். லிப்டின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பவனுக்கு ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பேசுவது தெளிவாகக் காதில் விழும். உள்ளே ஓர் ஆள் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. மேலாளரைத் திட்டுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் தனக்குத்தானே பதில் சொல்லிப் பார்ப்பான். அதையெல்லாம் பேர் ஊர் இல்லாமல் சிரிக்கச் சிரிக்க எழுதினான். சரக்கு தீர்ந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவனும் மனைவியும். அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவள். வலைப்பூவில் அவளுக்கு ‘மேலிடம்’ என்று பெயர் வைத்தான். மேலிடம் கோபித்துக்கொண்டது, மேலிடம் குடையைத் தொலைத்தது, மேலிடம் தூக்கத்தில் உளறியது என்று ஒன்று விடாமல் வந்தது. ‘மேலிடம் நலமா?’ என்று முன்பின் தெரியாதவர்கள் பின்னூட்டத்தில் கேட்பார்கள். இவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவளும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் எதையாவது சொல்ல வாயெடுத்து, “இது எழுதறதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் சொல்வதையே குறைத்துக்கொண்டாள். அந்த மாற்றம் இவன் கண்ணில் படவில்லை. ஊரார் பேச்சைச் சுவருக்குள் நின்று கேட்கிறவனுக்குச் சொந்த வீட்டில் காது அடைத்துப்போனது.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவள் உண்டானாள். இரண்டாம் மாதமே இவன் எழுதிவிட்டான். வாழ்த்து வந்து குவிந்தது. பிறகு அந்தக் கரு தங்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, வெளியே நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து அதையும் எழுதினான். அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை அவனுக்கும்தான் போனது. வேறெங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியாமல் அங்கே இறக்கினான். அவன் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கடைக்குத் திரைச்சீலை வாங்க வந்த ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “படிச்சேன்மா, அழுதுட்டேன்” என்றாளாம். அன்று அவள் வெட்டிய துணியெல்லாம் அளவு தப்பிப் போனது.

இதெல்லாம் பழைய கதை. நம் விஷயம் நடந்தது ஒரு புதன்கிழமை காலையில்.

ஊரின் பெரிய வீதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று. தரைத்தளத்தில் வங்கி, நடுவில் அலுவலகங்கள், மூன்றாம் மாடியில் ஸ்கேன் மையம். லிப்ட் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது என்று புகார் வந்தது. கூட வரவேண்டிய மெக்கானிக்குக்குக் காய்ச்சல். இவன் தனியாகப் போனான். போயிருக்கக் கூடாது.

இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் கதவில் இருக்கும். எல்லா மாடியிலும் கதவு சரியாகச் சாத்தியிருந்தால்தான் லிப்ட் நகரும். அதற்கு ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன மின் இணைப்பு உண்டு. எது கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்க, மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய்ப் பெட்டியில் ஒரு ‘ஜம்பர்’ போடுவார்கள். இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு சாண் வயர், அவ்வளவுதான். அது இருக்கும்வரை கதவு திறந்திருந்தாலும் லிப்ட் ஓடும். ஆகவே வேலை முடிந்ததும் முதல் காரியமாக அதைக் கழற்ற வேண்டும். பேனா கழற்றியதும் சட்டைப்பை ஓரத்தில் கவ்வ விட்டுக்கொள்வான். பார்த்தால் தெரியவேண்டும் என்பதற்காக.

ஜம்பரைப் போட்டுவிட்டு, லிப்ட் கூரைமேல் ஏறி நின்று மெதுவாக இறங்கி, மூன்றாம் மாடிக் கதவுதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தான். இணைப்புத் தகடு தேய்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது.

“என்னக்கா, வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு இந்த லிப்ட்?”

மைத்துனியின் குரல். அப்படியென்றால் ‘அக்கா’ யார் என்று யோசிக்கத் தேவையில்லை.

“கொஞ்ச நேரம் பாப்போம். வரலைன்னா மெதுவா இறங்கிடலாம்” என்றாள் அவன் மனைவி.

“இறங்கிடலாமா? டாக்டரம்மா தலபாடா அடிச்சுச் சொன்னாங்க, படிப் பக்கமே போகாதன்னு. மூணு மாசம் தாண்டிடுச்சேன்னு துள்ளாத.”

உப்புத்தாள் கையிலேயே நின்றது. ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் கதவு. அதற்கு அந்தப் பக்கம் அவள். போன வாரம்தான் ‘மேலிடத்துக்குக் காபி வாசனை ஆகவில்லை’ என்று ஒரு பதிவு போட்டிருந்தான். ‘ஏதாவது விசேஷமா?’ என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, பித்தம்’ என்று சிரிப்புப் பொம்மை போட்டு இவன் பதில் எழுதியிருந்தான். முகம் தெரியாத மனிதருக்குப் புரிந்தது கட்டின புருஷனுக்குப் புரியவில்லை.

“மாமாகிட்ட எப்பதான் சொல்லப்போற?” என்றாள் மைத்துனி.

“எல்லாம் நல்லபடியா முடியட்டும்.”

“அதுவரைக்கும் மறைக்க முடியுமா? வயிறே காட்டிக் கொடுத்துடும்.”

“அவருகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிடி. போன தடவ என்னாச்சு? நான் அழுது முடிக்கறதுக்குள்ள அவரு எழுதி முடிச்சிட்டாரு. இந்தத் தடவையும் ஏதாவது ஆயிடுச்சுன்னா எனக்கு நானே அழுதுக்கறேன். யாரும் வந்து என் கையப் பிடிக்க வேணாம்.”

கதவைத் தட்டி, ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். தட்டவில்லை. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு பயம்: அவள் படியில் இறங்கிவிடக் கூடாது. தகட்டை அவசர அவசரமாக நிமிர்த்தி, திருகைப் பாதி முறுக்கி, லிப்டை மேலே ஓட்டிப்போய், மோட்டார் அறைக்கு ஏறி ஓட்டத்தை வழக்கமான நிலைக்குத் திருப்பிவிட்டான்.

பெரிய சக்கரம் சுழன்றது. கம்பி வடங்கள் ஓடின. மூன்றாம் மாடியில் கூப்பிடுகிறார்கள். சக்கரம் நின்றது. அப்பாடா என்று முகத்தைத் துடைத்தான். துடைத்த கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஓரத்தில் ஜம்பர் இல்லை.

அது பெட்டிக்குள்ளேயே கவ்விக்கொண்டிருந்தது. கீழே கதவு திறந்திருக்கும். அவள் ஒரு காலை உள்ளே வைத்து ஒரு கால் வெளியே இருக்கும்போது லிப்ட் கிளம்பினால் நிறுத்த ஒன்றும் கிடையாது. அப்படி நடந்த ஓரிடத்தை அவன் நேரில் பார்த்திருக்கிறான். அதை மட்டும் அவன் எழுதியதில்லை. சக்கரம் மறுபடி சுழல ஆரம்பித்தது. ஜம்பரைப் பிடுங்கியிருந்தாலே போதும். பதற்றத்தில் மெயின் சுவிட்சை அறைந்து இறக்கினான். சக்கரம் நின்றது.

கீழிருந்து அலறல் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜம்பரைக் கழற்றிப் பையில் கவ்வவிட்டு, சுவிட்சைப் போட்டான். லிப்ட் அசையவில்லை. மூன்றாம் மாடிக் கதவில் பாதி முறுக்கிய திருகு வேலையைக் காட்டிவிட்டது. சுவரில் இருந்த போனை எடுத்தான். லிப்டுக்குள் இருப்பவரோடு பேச அது ஒன்றுதான் வழி. என்ன அவசரமானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

“உள்ள எத்தன பேர் இருக்கீங்க? யாருக்காவது அடிபட்டிருக்கா?”

“ரெண்டு பேருங்க, அடியெல்லாம் இல்ல” என்றாள் மைத்துனி. “ஆனா சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க, எங்கக்காவுக்கு...” அத்தோடு குரல் நின்றது. அக்கா அவள் கையை அழுத்தியிருக்க வேண்டும்.

பிறகு மனைவியின் குரல். “நீங்களா?”

‘ரெண்டு பேர் இல்ல, மூணு பேர்’ என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. எழுதுகிறவன் புத்தி! எவ்வளவு அழகான வசனம், எத்தனை பேர் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். நல்லவேளை, அதை விழுங்கினான்.

“நான்தான். பயப்படாத. நான் மேலதான் இருக்கேன். சுவத்துல சாஞ்சு கீழ உக்காந்துக்க. கையாலயே இறக்கிடறேன்.”

கையால் இறக்குவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் பிரேக்கை விடவேண்டும், இன்னொருவன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பவேண்டும். பேனா மறுபடி மெயினை அணைத்துவிட்டு, போனைத் தொங்கவிட்டு, இடக்கையால் பிரேக் நெம்புகோலையும் வலக்கையால் சக்கரத்தையும் பிடித்தான். துளி விடுவான், பிடிப்பான். துளி விடுவான், பிடிப்பான். கொஞ்சம் கூட விட்டால் உள்ளே குலுங்கும். அவள் குலுங்கக் கூடாது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இரண்டாம் மாடி வந்துவிட்டதைக் காட்டும் மஞ்சள் பூச்சு வடத்தில் எங்கோ எட்டத்தில் இருந்தது.

தொங்கிய போனிலிருந்து அவள் குரல் சன்னமாக வந்தது. “ஏங்க, நாங்க வெளிய பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

பொய் சொல்லலாமா என்று நினைத்தான். “கேட்டுச்சு” என்று கத்தினான். மெல்லச் சொன்னால் போனுக்கு எட்டாது.

சக்கரத்தை இன்னும் இரண்டு துளி விட்டுப் பிடித்தான். பிறகு கேட்டாள்: “இதையும் எழுதுவீங்களா?”

“மாட்டேன்.”

“சரி” என்றாள். அந்தச் ‘சரி’யில் நம்பிக்கை மருந்துக்கும் இல்லை.

மஞ்சள் பூச்சு தரையில் போட்டிருந்த கோட்டுக்கு நேராக வந்தது. பிரேக்கை இறுக்கிவிட்டு, படிகளில் விழுந்தடித்து ஓடி, சாவி போட்டு இரண்டாம் மாடிக் கதவைத் திறந்தான். மைத்துனி முதலில் வந்தாள். “நல்லா ரிப்பேர் பண்றீங்க மாமா! உங்ககிட்ட மாட்டிக்கிட்டு லிப்டும் அழுவுது, அக்காவும் அழுவுறா” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், அவளே சிரிக்கவில்லை. மனைவி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. மீதி இரண்டு மாடியையும் படிப்படியாக நின்று நின்று இறங்கினாள். கை தொடாத தூரத்தில் அவனும் கூடவே இறங்கினான்.

தன் தப்பை ஒளிக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வலைப்பூவைத் திறந்தான். விடைபெறும் பதிவு ஒன்று எழுத உட்கார்ந்தான். ஏன் நிறுத்துகிறேன் என்று சொல்லவேண்டாமா, இத்தனை வருஷம் படித்தவர்களுக்கு? எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றது, ஜம்பர், மஞ்சள் பூச்சு, ‘இதையும் எழுதுவீங்களா’ என்று அவள் கேட்டது. வாசித்துப் பார்த்தான். அற்புதமாக இருந்தது. அவளைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று சொல்வதற்கே அவளைத்தான் மறுபடி சந்தையில் நிறுத்தியிருந்தான். அடுப்படியில் தண்ணீர்க் குழாய் நின்றது. அவள் வாசலில் நின்று திரையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

அத்தனையையும் அழித்தான். மனசு வலித்தது, அதை மறைத்துப் பயனில்லை. ‘இனி இங்கே எழுதமாட்டேன். நன்றி’ என்று மட்டும் போட்டு மூடினான். ஏன், என்ன ஆச்சு, மேலிடம் நலமா என்று பின்னூட்டங்கள் வந்தபடி இருந்தன. எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அவளை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள், பாதியில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்ப்பாள். உள்ளே எங்கேயாவது குறித்துக்கொள்கிறானா என்று. குறித்துக்கொள்ளத்தான் செய்தான் பாவம். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் வாக்கியங்கள் தாமாகவே வரிசை கட்டின. கட்டைவிரல் தினவெடுத்தது. வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தான், துணி மடித்தான், அவள் பேசாத நேரத்திலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்த ஸ்கேனுக்கு அவனைக் கூப்பிடாமல் தங்கையோடுதான் போனாள். அதையும் பொறுத்துக்கொண்டான். ராத்திரிச் சாப்பாட்டின்போது, “நல்லாருக்காம்” என்று ஒரே சொல் சொன்னாள். அவனுக்கு அதுவே வயிறு நிறைந்தது.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மடிக்காமலேயே இருந்தாள்.

“போன தடவ போச்சே, அதுக்கு நான் ஒரு பேரு வச்சிருந்தேன்” என்றாள்.

அவன் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தான்.

“உங்ககிட்ட சொல்லல. சொன்னா அடுத்த நாள் எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு அழுவாங்கன்னு சொல்லல.”

பிறகு அந்தப் பேரைச் சொன்னாள். அது என்ன பேர் என்று நீங்கள் கேட்கக் கூடாது. நானும் சொல்வதாக இல்லை.

“நீங்க ஒரு தடவ சொல்லுங்க” என்றாள்.

அவன் சொன்னான். முதல் தடவை பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பவும் ஆரம்பித்து முழுசாகச் சொன்னான். மனசுக்குள் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அவள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அவன் அவள் தோளில் சாய்ந்தான். அந்தப் பிள்ளைக்காக இருவரும் ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை.