கொடைக்கானலில் எங்கள் வாரம்

திண்டுக்கல் நாகல் நகரில் கீழே கடை, மேலே வீடு. இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிற கடை. கரண்ட் போனால் மற்ற வீடுகளில் விசிறியைத் தேடுவார்கள், எங்கள் வீட்டில் போன் அடிக்கும். என் கணவர் குழம்பு ஊற்றிப் பிசைந்த கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, இடது கையால் போனைக் காதுக்குக் கொடுத்து, எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும், எந்த சுவிட்சை அமுக்க வேண்டும் என்று யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். சோறு ஆறிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும், "ஒங்களுக்கென்ன, ரெண்டே பேரு" என்பார்கள். அந்த ரெண்டு பேரும் கடைசியாக எப்போது சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரு வாரம், கடை இல்லாமல், போன் இல்லாமல், சொந்தக்காரர்கள் இல்லாமல், அவரோடு இருக்க வேண்டும். நகை கேட்கிற பெண்களுக்குக்கூட இந்த ஊரில் மரியாதை உண்டு. இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

பொருட்காட்சியில் ஏதோ குலுக்கலுக்குச் சீட்டு எழுதிப் போட்டிருந்தார். பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போன் வந்தது. பைபாஸ் ரோட்டு ஓட்டல் ஒன்றின் குளிர் அறையில் எங்களைப் போல நாலைந்து ஜோடிகள் உட்கார்ந்திருந்தோம். டை கட்டிய ஒரு பையன் விளக்கினான். ஒரு தொகையைக் கட்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு வாரம் அவர்களுடைய கொடைக்கானல் விடுதியில் தங்கலாம். விடுதி நமக்குச் சொந்தமில்லை, அந்த ஒரு வாரம் சொந்தம். கொடைக்கானல் அலுத்துவிட்டால் ஊட்டி, கோவா என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருடம் போக முடியவில்லையா, அடுத்த வருடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டாமென்றால் வேண்டியவர்கள் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம், அதற்கு விருந்தினர் சலுகை என்று பெயர். கேட்கக் கேட்க என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரிசு என்று சொன்னது ஒரு பிளாஸ்டிக் டப்பா செட். மூடி சரியாக மூடாது.

அந்த வாரமே இன்னொரு வழியும் வந்தது. எங்களிடம் பேட்டரி மாற்றுகிற ஒரு ரிடையர்டு பேங்க் ஆபீசர் இருந்தார். அதே விடுதியில் அவரும் மெம்பர். அவர் மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதால் தன் பங்கை விற்றுவிடப் பார்த்தார். கம்பெனி சொன்ன விலையில் பாதிகூட இல்லை. ஆனால் மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"தம்பி, என்கிட்ட வாங்குனா சலுகை ஒன்னும் கூட வராது. அதே ஊரு, அதே வாரம். ஊட்டி கோவாவெல்லாம் கெடையாது. போகலேன்னா அந்த வருசம் போச்சு, சேத்து வைக்க முடியாது. முக்கியமா ஒன்னு, வாங்குனவுக நேர்ல வந்தாத்தான் ரூம் குடுப்பாங்ஞ. அடுத்தாளுக்கு எழுதித் தர ஏலாது."

கடைசியில் சொன்னாரே, அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நாங்கள் நேரில் போனால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேறு எவரும் போக முடியாது. எனக்கென்றே எவனோ உட்கார்ந்து எழுதிய சட்டம் போல இருந்தது.

என் கணவருக்கு அதே வார்த்தைதான் கசந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"அப்ப நம்ம ஆளுகளுக்கு ஒன்னும் செய்ய முடியாதே."

"நம்ம ஆளுகளுக்கு எதுக்குங்க? நமக்குத்தான வாங்குறோம்?"

"ஒரு அவசரம், கடையில சோலின்னு போக முடியலேன்னு வையி. வாரம் வீணாப் போகுமா இல்லையா? நேரா வாங்குனா யாருக்காச்சும் குடுக்கலாம், சேத்து வைக்கலாம். அம்புட்டு வசதியையும் விட்டுட்டு ஒன்னுமே இல்லாததப் போயி வாங்கச் சொல்றியே."

"அந்த ஒன்னுமே இல்லாததுதான் எனக்கு வேணும். வீணாப் போயிரும்னு பயந்தாத்தான் நீங்க கெளம்புவீங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். பாதி விலைக்குக் கிடைப்பதற்காக நான் கஞ்சத்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டார். மறுநாள் தன் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒன் தம்பி பொண்டாட்டி மவராசி, வசதியே இல்லாதது வேணும்ங்கிறா" என்று சொல்லிச் சிரித்தார். அதற்கு அடுத்த நாள் டை கட்டிய பையனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

என் கணவருக்கு மூன்று அக்காமார். நத்தத்தில் ஒருவர், குஜிலியம்பாறையில் ஒருவர், ஊருக்குள்ளேயே ஒருவர். மூன்று வீட்டிலும் பெண் பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் இவர் ஒரே தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்பது சும்மா இல்லை. தட்டு எத்தனை, தட்டில் என்ன என்று மண்டபத்தில் மைக் வைத்துச் சொல்லுவார்கள். ஒரு அக்கா மகளுக்குச் செய்ததை இன்னொரு அக்கா மகளுக்குக் குறைத்தால் சாகிற வரைக்கும் பேச்சு நிற்காது.

வாங்கிய முதல் வருடம் நத்தத்து அக்கா மகளுக்குக் கல்யாணம். பட்டுச்சேலை, பழம், வளையல் தட்டுகளுக்கு நடுவே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு காகிதமும் இருந்தது. விடுதியில் எங்கள் வாரத்தை மணமக்கள் பேரில் பதிவு செய்த காகிதம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தாய்மாமன் சீராக, மணமக்களுக்குக் கொடைக்கானலில் ஒரு வாரம்" என்று மைக்கில் சொன்னதும் மண்டபமே கை தட்டியது. என் கணவர் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் கை தட்டினேன். வேறென்ன செய்வது, அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டுச்சேலை போல இதுவும் முறை ஆகிவிட்டது. இனிமேல் ஒவ்வொரு அக்கா மகளும் இதற்குப் பாத்தியதை.

அப்படியே நடந்தது. அடுத்த வருடம் குஜிலியம்பாறைப் பெண்ணின் கல்யாணம். அதற்கடுத்த வருடம் கல்யாணம் இல்லை, இந்தத் தடவை தப்பாது என்று நான் இருந்தேன். உள்ளூர் அக்காவின் பேத்தி பெரியமனுஷி ஆனாள். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன் இல்லாததால் இவரே முறை செய்ய, சடங்குக்குச் சீராக அந்த வாரமும் போயிற்று. ஒரு வேன் நிறைய ஏறிப் போனார்கள். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்று கேஸ் அடுப்பும் அண்டாவும் கொண்டுபோய், பால்கனியில் வைத்துக் கறிச்சோறு ஆக்கியிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் எங்களுக்கு அபராதம் போட்டான். என் கணவர் அதையும் சிரித்துக்கொண்டே கட்டினார்.

போய்வந்த பிள்ளைகள் எல்லாம் நல்ல பிள்ளைகள்தான். ஒருத்தி திரும்பி வந்து, "அந்த ரூம்ல டவரே எடுக்கல அத்தை, ஒரே போரு" என்றாள். டவர் எடுக்காத அறை. நாங்கள் போயிருந்தால் அந்த ஏழு நாளும் அவர் போன் அடிக்காமல் கிடந்திருக்கும். நான் உள்ளே போய் அரிசி களைகிற சாக்கில் அழுதேன்.

ஒரு வருடம் நிஜமாகவே எந்த விசேஷமும் இல்லை. சித்திரை பிறந்ததும் கேட்டேன். "சீசன்ல கடையப் போட்டுட்டு எப்படி வர? சேத்து வைக்கலாமே, அதுக்குத்தான அம்புட்டு குடுத்து நேரா வாங்குனோம். அடுத்த வருசம் சேத்து ரெண்டு வாரம் போயிருவோம்" என்றார். அடுத்த வருடம் ஒரே ஆவணியில் இரண்டு கல்யாணம் வந்தது. ஆளுக்கொரு வாரமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒருத்திக்கும் குறை வைக்காமல் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினார். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கத்திச் சண்டை போட்டும் பார்த்திருக்கிறேன், பேசாமல் இருந்தும் பார்த்திருக்கிறேன். அவருடைய மூத்த அக்கா, என் பெரிய மதினியிடம் ஒருமுறை வாய்விட்டே சொன்னேன். "ஏத்தா, நீங்க ரெண்டு பேரும் தெனமும் தனியாத்தான இருக்கீக, அதுக்கு மல மேல வேற போகணுமாக்கும்" என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு அது விளங்கவே இல்லை, அவ்வளவுதான்.

கடைசி அக்கா மகளுக்கும் செய்து முடித்த வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி, பத்தியச் சோறு என்று கொஞ்ச நாள் ஓடியது. கண்ணில் மஞ்சள் இறங்கவே இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது என்றார்.

அவரிடம் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம், ஊசி குத்திய கையோடு போனை வாங்கி எதையோ தடவிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பிழைப்பு ஆஸ்பத்திரியிலும் விடவில்லை என்று எனக்குக் கோபம். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மே மாதத்தில் கொடைக்கானல் வாரம். தங்குபவர்கள் என்ற இடத்தில் அவர் பேரும் என் பேரும் இருந்தன. அத்தனை வருடத்தில் அங்கே எங்கள் பேர் வந்தது அதுதான் முதல் தடவை.

"இந்தத் தடவை நாமதான்" என்றார்.

நான் தலையாட்டினேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த பேங்க் சாருட்டயே வாங்கியிருக்கணும்."

"இப்ப எதுக்குங்க அது?"

"அப்படின்னா யாரு கேட்டாலும் ரூல் இல்லன்னு சொல்லியிருப்பேன். நானா இல்லன்னு சொல்ல எனக்கு வராது. ஒனக்குத் தெரியும்ல."

இத்தனை வருடமும் அவர் அந்தச் சலுகைகளை ஆசைப்பட்டு வாங்கினார் என்றே நினைத்திருந்தேன். அவருக்கும் வர ஆசை இருந்திருக்கிறது. அக்காமார் முன்னால் நின்று இல்லை என்று சொல்லத் திராணி இல்லாத மனிதருக்கு, அவருக்குப் பதிலாகச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அது மலிவு விலையில் வாசல் வரை வந்தது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்க வைக்கிற ஒன்றை நாங்கள் இரண்டு பங்கு விலை கொடுத்து வாங்கினோம். அத்தனை சண்டையிலும் அவர் வாயிலிருந்து நான் வரவழைக்க நினைத்தது, வாங்கியது தப்பு என்கிற அந்த வார்த்தையைத்தான். அது வந்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் பழையபடி சிரித்து, என்னைக் கிறுக்கச்சி என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பங்குனி முடியும் முன்பே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்புகிற சமயம், பெரிய மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏத்தா, தப்பா நெனைக்காத. தம்பி மே மாசத்துக்கு ஏதோ போட்டு வச்சிருந்தானாம்ல. வீணாத்தான போகும். என் சின்ன மக பிள்ளைகளுக்கு லீவு, போயிட்டு வரட்டுமா? அவனும் இருந்தா அதத்தான் சொல்லுவான்."

உண்மைதான். அவர் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"இல்ல மதினி, குடுக்க மாட்டேன்" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கையை விட்டுவிட்டு எழுந்து போனார். புருஷன் போனதும் குணத்தைக் காட்டிவிட்டாள் என்று நத்தம் வரைக்கும் பேச்சுப் போயிற்று. இப்போது என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. போனும் அடிப்பதில்லை, கடையை விற்றுவிட்டேன்.

நீயாவது போயேன் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். தனியாக அங்கே போய் நான் யாரோடு பேசுவது?

மே மாதம் வந்தது. விடுதியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வருவீர்கள், இரண்டு பேர்தானே மேடம் என்று கேட்டாள். இரண்டு பேர்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாரம் திண்டுக்கல்லில் வெயில் மண்டையைப் பிளந்தது. தினமும் ஒரு ஆள் சோறு ஆக்கி, பாதியைக் கொட்டினேன். கதவைத் தட்ட ஆள் இல்லை, கூப்பிட ஆள் இல்லை. அங்கே மலை மேல் எங்கள் பேரில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. ஏழாம் நாள் காலையில், பதிவு செய்தும் தாங்கள் வராததால் இந்த ஆண்டுக்கான வாரம் முடிந்தது என்று அவருடைய போனுக்கு மெசேஜ் வந்தது.

அத்தனை வருடத்தில் எவருக்கும் கொடுக்காமல் எங்களுக்கென்றே இருந்த வாரம் அது ஒன்றுதான்.