ஒரகடத்துப் பதினெட்டுக் கணினிகளும் ஒரே ஒரு விடையும்

ஒரகடத்துக்கு யாராவது ஊர் பார்க்கப் போவார்களா என்று என் தங்கை கேட்டாள். நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு திருடனைப் பிடிக்க. அப்படி நினைத்துக்கொண்டுதான் போன வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் பஸ் ஏறினேன். திரும்பி வந்து நாலைந்து நாளாகியும் மனசு ஒரு நிலையில் இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலர் என்னைப் போலவே, முகம் தெரியாத தன்னார்வலர்களின் கணினிகளை வைத்து ஆய்வு வேலை நடத்துகிறவர்கள். அவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டுப் போட்டுத் தள்ளிவைக்கிறவர்கள். தள்ளிவைக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு முன்கதை. நான் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிகளைக் கட்டி மேய்க்கிறேன். ஆய்வுக்கூடங்களில் இருக்கும் பெரிய கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த வலைக்குக் கிரிட் என்று பெயர். காசநோய்க்குப் புது மருந்து தேடும் கணக்குகள் அதில் வரிசையில் நிற்கின்றன. வரிசை என்றால் திருப்பதி வரிசை. அதனால் ஒரு பாலம் போட்டோம். யார் வேண்டுமானாலும் எங்கள் சின்ன மென்பொருளைத் தங்கள் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். கிரிட்டில் காத்திருக்கும் ஒரு கணக்கு இணையம் வழியாக அவர்கள் வீட்டுக்குப் போகும், கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அதைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். முன்பின் தெரியாத கணினி என்பதால் ஒரே கணக்கை இரண்டு வீட்டுக்கு அனுப்புவோம். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்போம்.

இதில் 'எஸ்தர், ஒரகடம்' என்ற பெயரில் ஒரே ஒரு கணினி பதிவாகியிருந்தது. ஆறு மாதமாக அது ஒரே கணக்குக்கு ஒரே விடையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. இடையில் புதுக் கணக்குகளை வாங்கிக்கொள்ளும். அவற்றுக்கு விடையே வராது. கிரிட் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கோபாலன் சார் கொதித்துப்போனார். இது விஷமம், அந்தக் கணினியைத் தடைசெய், வீட்டுக் கணினிகளை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று வாரக் கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நானே போய் அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

தாம்பரம் மேற்கிலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரகடம் கூட்டுச்சாலை ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினாறு ரூபாய். காலை எட்டரைக்கு ஏறினேன், ஒன்பதே முக்காலுக்கு இறங்கினேன். மணிமங்கலம் திரும்பும் இடத்தில் பாதிக் கூட்டம் இறங்க, படப்பையில் அதைவிட இரண்டு மடங்கு ஏறியது. அதற்கப்புறம் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்தான். இரவு ஷிஃப்ட் முடித்த பையன்கள் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டவைத்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலோரம் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காராதீர்கள், லாரிப் புழுதி அத்தனையும் உங்கள் தலையில்தான்.

கூட்டுச்சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய். கையில் இருந்தது எஸ்தர் என்ற பெயரும் ஒரு கட்டடத்தின் முகவரியும்தான். ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எஸ்தரக்கா கம்ப்யூட்டர் சென்டரா? ஏறு மேடம். அங்கதான் மருந்து கண்டுபுடிக்கிறாங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தா என்றேன். ஆமாம், டிபி மருந்து, அந்த ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று அவர் சாவகாசமாகப் பதில் சொன்னார். திருடன் என்றால் ஒளிந்துகொண்டல்லவா இருக்க வேண்டும்? இவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவைத்திருக்கிறானே என்று எரிச்சலாக வந்தது.

கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் சென்டர். கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. ஒரு கணினியைத் தேடிப் போனவள் பதினெட்டுக் கணினிகளைப் பார்த்தேன். மேலே சிமெண்ட் ஷீட், நாலு ஃபேன், பக்கவாட்டு மூடி கழற்றிய பழைய பெட்டிகள். பதினெட்டுத் திரையிலும் எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் கரும்பலகை. அதில் சாக்பீஸால் பெரிதாக 3,114 என்று எழுதியிருந்தது.

எஸ்தருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஃபேனை என் பக்கம் திருப்பினாள். பக்கத்து ஹாஸ்டல்களில் இருக்கும் பையன்களும் பெண்களும் ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் டைப்பிங்கும் டேலியும் கற்றுக்கொள்ள வருவார்களாம். மற்ற நேரமெல்லாம் கணினிகள் எங்கள் கணக்கைப் போடும். எங்கள் மாணவர்கள் ஒட்டிய நோட்டீஸை அவள் தாம்பரத்து ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்திருக்கிறாள். அங்கே அவள் கணவர் முருகேசன் ஏழு மாதமாகப் படுத்திருக்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வேலைக்கு வந்து, இவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கியவர். வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத காசநோய்.

"நாங்க போடுற கணக்குல அவருக்கு மருந்து வராதுன்னு தெரியும் மேடம். நான் படிச்சவதான். ஆனா தெனம் பார்க்கப் போறப்போ அவரு கேக்குற மொத கேள்வியே இன்னைக்கு எத்தினின்றதுதான். அதைக் கேட்டுக்கினுதான் மாத்திரையே போடுறாரு."

அந்த மாத்திரைகள் குடலைப் புரட்டுமாம். நடுவில் ஒரு முறை இனி வேண்டாம் என்று அவர் தூக்கி எறிந்திருக்கிறார். இந்த எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லித்தான் எஸ்தர் அவரை மறுபடி விழுங்கவைத்திருக்கிறாள். ஒவ்வொரு திரையிலும் 'முடிந்தது' என்று பச்சை அடையாளம் வர வர, பலகையில் ஒன்று கூட்டுவாள். 3,114 என்பது அதுதான்.

எங்கள் பதிவில் அவள் பெயருக்கு நேரே அந்த எண் கிடையாது. நான் முதல் கணினியில் உட்கார்ந்தேன். கணக்கின் பெயரைப் பார்த்தேன். இரண்டாவதில் அதே பெயர். மூன்றாவதில் அதே பெயர். பதினெட்டிலும் அதே ஒரே கணக்கு. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இந்த 2012இல் கரண்ட் போவது செய்தியா என்ன? ஆனால் திரும்பி வந்ததும் நான் பார்த்தது என் ஆயுசுக்கும் மறக்காது. பதினெட்டுக் கணினியும் எழுந்து, அதே கணக்கை, அதே பாதியிலிருந்து, மறுபடி போட ஆரம்பித்தன.

கணினி சென்டர் நடத்துகிறவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து சென்டர்களில் வழக்கம் என்னவென்றால், சர்வீஸ் ஆள் ஒரு டிஸ்க்கைப் பக்காவாகத் தயார்செய்வார், அதை எல்லாக் கணினிக்கும் அப்படியே காப்பி போடுவார், பிறகு ஃப்ரீஸ் செய்துவிடுவார். அதாவது யார் என்ன குட்டிச்சுவர் ஆக்கினாலும், அணைத்துப் போட்டால் ஃப்ரீஸ் செய்த அன்றைய நிலைக்குக் கணினி திரும்பிவிடும். வைரஸ் போய்விடும், படம் போய்விடும். இங்கே முடித்த வேலையும் போய்விட்டது. எஸ்தர் எங்கள் மென்பொருளை முதலில் ஏற்றிய கணினியின் டிஸ்க்கைத்தான் சர்வீஸ் ஆள் காப்பி எடுத்திருக்கிறார். ஃப்ரீஸ் செய்த அன்றைக்கு அதில் பத்து மணி நேரக் கணக்கு ஒன்று பாதிக்குமேல் ஓடி நின்றிருக்கிறது. அந்தப் பாதிதான் பதினெட்டிலும் உறைந்துவிட்டது. மிச்ச நாலு மணி நேரத்தை ஓட்டி முடிக்கும், புதுக் கணக்கை வாங்கும், அதற்குள் கரண்ட் போகும். கரண்ட் போகாவிட்டாலும் ராத்திரி மெயினை அணைக்க வேண்டும் என்பது கட்டடக்காரர் கண்டிப்பு. விடிந்தால் பழைய பாதிக்கே திரும்பிவிடும். எல்லாம் ஒரே காப்பி என்பதால் பதினெட்டுக்கும் ஒரே அடையாள எண். எங்கள் பாலத்துக்கு அது ஒரே கணினி.

சர்வீஸ் பார்க்கும் மணிக்கு ஃபோன் போட்டோம். நான் கத்தத் தயாராக இருந்தேன். அவர் பாவம், குழம்பிப்போனார்.

"இன்னாக்கா இது, ஃப்ரீஸ் பண்ணாத வுட்டா பசங்க வைரஸ் ஏத்திகினே கீறானுங்கோ. எல்லா சென்டருலயும் இப்டித்தான் போட்டுக் குடுக்கறேன். உங்க கணக்கு உள்ள ஓடினு கீதுன்னு யாரும் சொல்லலியே."

அவர் சொன்னதில் என்ன தப்பு? அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார். எஸ்தர் தன் வேலையை அதைவிட ஒழுங்காகச் செய்தாள். எங்கள் பாலமும் வந்த நகல் விடைகளை ஒழுங்காகக் குப்பையில் போட்டது. இத்தனை ஒழுங்குக்கு நடுவில் ஒரு பெண் ஆறு மாதம் இந்த உலைக்குள் உட்கார்ந்து பச்சை அடையாளத்தை எண்ணியிருக்கிறாள். மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் பதினெட்டுத் திரையையும் நான் ஒவ்வொன்றாகப் பார்த்தபோதே அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லிவிட்டேன். பலகையில் இருக்கும் எண் 3,114 இல்லை, ஒன்று.

அவள் கையில் இருந்த சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தாள்.

"அந்த ஒண்ணாச்சும் ரைட்டா மேடம்?"

கோபாலன் சாருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். தேடிப்பார்த்துச் சொன்னார்: முதன்முதலில் வந்த அந்த விடை, கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் வீட்டுக் கணினி போட்ட விடையோடு ஒத்துப்போயிருக்கிறது, ஏற்றுக்கொண்டு மேலே அனுப்பியாகிவிட்டது. தடை என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. எஸ்தரிடம் ரைட்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாக ஃப்ரீஸை எடுத்தோம், எங்கள் மென்பொருளைக் கழற்றிப் புதிதாக ஏற்றினோம். மணி பைக்கில் வந்து டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு பாதி உறைந்திருக்கும், பையன்களுக்கு. மறுபாதி உறையாது, எங்களுக்கு. கீழே பக்கத்துக் கடையில் வாங்கிய பரோட்டா ஆறிப்போய்க் கிடந்தது. மூன்று மணிக்குப் பதினெட்டிலும் பதினெட்டுப் புதுக் கணக்குகள் ஓட ஆரம்பித்தன.

நடைமுறை விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எனக்கு மனசு வராது. போகிறவர்கள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள், பஸ்ஸில் கால் வைக்க முடியாது. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். உங்கள் பாலத்தில் ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் தடை போடுமுன் ஒரு ஃபோன் போட்டு, கணினி ஃப்ரீஸ் செய்ததா என்று கேளுங்கள். சென்டர்களுக்குக் கொடுக்கும் நோட்டீஸில் முதல் வரியாகவே இதை எழுதுங்கள். நாங்கள் எழுதவில்லை. இன்னொன்று, சும்மா இருக்கும் கணினி, செலவில்லாத கணக்கு என்று மேடையில் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களும் நிறுத்திவிடுவீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் எஸ்தரும் என்னோடு வந்தாள், ஆஸ்பத்திரியின் பார்வையாளர் நேரத்துக்கு. பாதி வழிவரை முருகேசனிடம் சொல்ல வேண்டாம் என்றாள். பழைய எண்ணோடு ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மாத்திரையை எறிந்துவிடுவார் என்றாள். முடிச்சூர் தாண்டியதும், இல்லை, சொல்லத்தான் வேண்டும் என்றாள். பொய் எண்ணை வைத்து அவரை எத்தனை நாள் மாத்திரை சாப்பிடவைப்பது என்று என்னையே கேட்டாள். நீங்களும் உள்ளே வாங்கக்கா என்றாள். மேடம் என்பது எப்போது அக்கா ஆனது என்று தெரியவில்லை.

வாசலில் எனக்கும் ஒரு முகமூடி கொடுத்தார்கள். முருகேசன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சாயங்கால மாத்திரைகள். எத்தனை என்று கண்ணாலேயே கேட்டார். எஸ்தர் எதையும் மழுப்பவில்லை. ஃப்ரீஸ், கரண்ட், ஒரே கணக்கு என்று எல்லாவற்றையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஆறு மாதத்தில் கணக்கு ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்று சரி என்றாள். புதிது இன்றைக்கு மூன்று மணிக்கு ஆரம்பித்திருக்கிறது என்றாள்.

அவர் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் முகமூடியைக் கீழே இழுத்து, கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்தார்.

"அப்பம் நாளைக்கு ரெண்டாவது வந்துரும்லா?"