பலகையில் மிஞ்சிய இடம்

மதுரங்குளிச் சந்தியில் உள்ள பெயர்ப் பலகைகளில் பாதி செய்னுலாப்தீன் நானா எழுதியவை. எட்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டுத் தூரிகை பிடித்தவர். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், பொருள் தெரியாது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் ஊர் வந்தபோது, என் பெயரோடு பி.ஏ. சேர்த்து ஒரு பலகை எழுதி, தானே வந்து எங்கள் வாசலில் அடித்துவிட்டுப் போனவர்.

போன மாதம் அவர் மனைவி ஷம்லாவின் கன்னம் குரும்பையளவு வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. நான்தான் இருவரையும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"பல்லைக் கழட்டினது யாரு?" என்று கேட்டார் பல் டொக்டர், ஓர் இளம் பெண்.

"நௌஃபர் டொக்டர். லேசுப்பட்ட ஆளில்ல, மூணு பட்டம்" என்றார் நானா. "பி.டி.எஸ்., டி.டி.எஸ்., டி.எம்.டி. அவர்ட பேர்ப் பலகைய எழுதினதே நான்தான்."

டொக்டரின் கை அப்படியே நின்றது. "மூணும் ஒரே அளவுப் படிப்புத்தான் ஐயா. இஞ்ச பி.டி.எஸ். எண்டு குடுப்பாங்க. அமெரிக்காவில சில கெம்பஸ் டி.டி.எஸ். எண்டும், சிலது டி.எம்.டி. எண்டும் குடுக்கும். ஒராள் எதுக்கு மூணையும் போடுறார்?"

மருத்துவ சபையின் பதிவைக் கைபேசியில் தேடினார். அந்தப் பெயரே அதில் இல்லை.

நானாதான் மெல்லச் சொன்னார்: "முதல்ல அவர் பி.டி.எஸ். மட்டுந்தான் எழுதச் சொன்னாரு. பலகையில இடம் மிஞ்சிச்சு. வெறுமையா இரிக்கே எண்டு நான்தான் சொன்னன். அப்பதான் போனைப் பாத்து மத்த ரெண்டையும் சொன்னாரு."

இடம் மிஞ்சியதற்காக இரண்டு பட்டமா! ஒரே ஒரு பட்டத்துக்கு மூன்று வருடம் விடுதியில் பாணும் பருப்பும் தின்றவன் நான்.

ஷம்லா பல்லிடுக்கால் சொன்னார்: "நீங்க எழுதினத நீங்களே நம்பி, என்னக் கொண்டு போய் உட்டீங்களே!"

சீழை வடித்தார்கள். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் தொண்டைக்கு இறங்கியிருக்குமாம். மூன்றாம் நாள் ஷம்லா வீடு வந்தார்.

அன்று பட்டப்பகலில் நானா ஏணியோடு போய், அந்த மூன்று பட்டங்களின் மேலும் கறுப்புப் பூசினார். நௌஃபர் வெளியே ஓடி வந்தார். "என்ன நானா வேல இது?"

"பட்டப் பத்திரத்தக் காட்டுங்க. திரும்ப எழுதித்தாறன்."

நௌஃபர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானா நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். ஏணி இன்னும் தோளில்.

"கோவிக்காதீங்க தம்பி. உங்கட பத்திரத்தயும் ஒருக்காப் பாக்கணும்."

என்னையுமா! ஆனாலும் அலுமாரியைத் திறந்து எடுத்து வந்து நீட்டினேன். அதில் விரலை வைத்து, பலகையோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். பிறகுதான் ஏணியைக் கீழே வைத்தார்.