சன்னல் சாத்திய காலைகள்

தம்பிக்கு முதலில் வந்தது வயிற்றுவலி. பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது வரும். வேன் போனதும் போய்விடும். நடிக்கிறான் என்று தெருவே சொன்னது. ஆனால் அவன் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். வியர்வையை யாரால் நடிக்க முடியும்?

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அம்மாவுக்குக் காது மந்தம். தம்பி கதிருக்கு எட்டு வயது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்ததால், அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வலி என்றதும் அம்மா, "கடல் காத்து ஆவாதுடா" என்று சன்னல்களையெல்லாம் சாத்துவாள். அறை மங்கிவிடும். இடுக்கில் நுழையும் வெளிச்சம் சுவரில் மெல்ல ஊரும். அலைச்சத்தம் தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். நாங்கள் பாயில் கிடப்போம். காலை எப்போது மதியமானது என்று தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது.

செங்கல்பட்டில் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் ஒன்றுமில்லை. "இது பிரிவுப் பதற்றம் (வீட்டாரை விட்டு விலகினால் அவர்களுக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயம்). வலி நிஜம்தான், திட்டாதீங்க. எதுக்குப் பயம்னு அவனே சொல்லுவான்" என்றார்.

"இன்னா டாக்டர், ஒரு மாத்திரகூட இல்லியா?" என்றார் அப்பா.

ஒரு மதியம், சுவரைப் பார்த்தபடியே கதிர் கேட்டான்.

"அக்கா, சங்கு ஊதுனா சன்னல சாத்தணும்ல?"

சில மாதங்களுக்கு முன்பு ஊரில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. அணுமின் நிலையத்தின் அபாயச் சங்கு ஒலித்தால் அவரவர் இருக்கும் இடத்திலேயே இருந்து, கதவு சன்னலைச் சாத்த வேண்டும் என்று ஜீப்பில் வந்து சொன்னார்கள்.

"ஆமாடா."

"அம்மாவுக்குத்தான் கேக்காதே. நான் இஸ்கூல்ல இருந்தா யாரு சொல்லுவாங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வைத்தியம் என்று நாங்கள் தினமும் சாத்திய சன்னல்கள், ஆபத்து வந்துவிட்டது என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பயத்தோடு வாதாடாதீர்கள், அதற்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் அவனை அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"சங்கு கேட்டா ஓடியாந்து உங்கம்மா தோள்ல தட்றேன். போதுமா நைனா?"

"தட்டிக் காட்டுக்கா."

எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் தோளில் தட்டிக் காட்டினார். அம்மா ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினாள். கதிர் கொத்தனாரைக் கண்காணிக்கும் மேஸ்திரி மாதிரி பின்னாலேயே நடந்து, தாழ்ப்பாள்களை இழுத்துப் பார்த்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் பள்ளி வாசல்வரை போனான். பிறகு வகுப்புக்குள், நான் வெளியே மரத்தடியில். நடுவே மறுபடி வலி, மறுபடி பாய். மழைக்காலம் அப்படியே கழிந்தது. ஒரு காலை ஹாரன் கேட்டதும் அம்மா பழக்கத்தில் சன்னலுக்குக் கையை நீட்டினாள். "தொறந்தே கெடக்கட்டும்மா" என்று அவள் காதருகே கத்திவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினான். நான் அழுதுவிட்டேன்.

இப்போது கூடுவாஞ்சேரியில் அறை எடுத்து, ரயிலில் வேலைக்குப் போகிறான். அவன் வயிறு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. என் வயிறு மறக்கவில்லை. எங்கே வேன் ஹாரன் கேட்டாலும் இறுகுகிறது. காலை மதியமாகாமல் அந்த மங்கிய அறையில் நின்றுவிடுகிறது. எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தால்தான் நேரம் நகர்கிறது.

எப்போதாவது ஒத்திகைச் சங்கு ஊதும். ஈரக்கையோடு ஓடிவந்து ஸ்டெல்லா அக்கா அம்மாவின் தோளில் தட்டுவார். தட்டினாரா என்று கதிர் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அவர் இன்னும் நிறுத்தவில்லை.