முன்பணம் கேட்கப் போன வீடு

தென்காசியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். சாரல் தொடங்குமுன் மொட்டைமாடி ஒழுக்கைச் சரிசெய்ய, சுரண்டைக் கொத்தனார் ஒருவருக்கு முன்பணம் கொடுத்தோம். வேலை பாதியில் இருந்தபோதே மாரடைப்பு வந்து அவர் இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், செய்த வேலை போக மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கிவரச் சங்கம் என்னை அனுப்பியது.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் மனைவி அழுதுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. அவிய வேல பாத்த எடத்துலருந்து துஷ்டி கேக்க நீங்க ஒருத்தராவது வந்தியளே."

நான் துக்கம் விசாரிக்க வந்ததாகவே நினைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலயும் ஒங்க மாடி நெனப்புதான். மழைக்கு முன்ன முடிச்சுக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தாவ" என்றார்.

அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில், "பணத்தக் கேட்டியளா?" என்றார்கள்.

"இல்ல. துஷ்டிதான் கேட்டேன்" என்றேன். அந்தப் பணத்தை விட்டுவிட்டோம்.

போன மாதம் சுரண்டை பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கூட நின்ற மகளிடம், "அப்பாவுக்காக வந்தாவளே, அந்த அண்ணாச்சி" என்று சொல்லிக் கைகூப்பினார். நானும் கும்பிட்டேன். அன்று எதற்காகப் போனேன் என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.